மூலக்கொத்தளத்தில் நம் ஜனங்கள்

எங்கள் குடும்பத்தில் யார் பெயரிலும் பட்டா இருந்ததில்லை. கொள்ளுத்தாத்தா செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மில் வேலைக்கு வந்தவர், தாத்தாவும் அதே மில், நைனா பெரம்பூர் லோகோ, அத்தைகளைக் கட்டிக் கொடுத்ததெல்லாம் புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என்று கூப்பிடு தூரத்துக்குள். முதலில் குடிசை, அப்புறம் ஒண்டுக்குடித்தனம், அப்புறம் ஹவுசிங் போர்டு. வீடு மாறிக்கொண்டே இருந்தது, எதுவும் எங்களுடையதாக இல்லை. இந்த ஊரில் எங்கள் ஆட்களின் பெயரை எழுதி, இது இன்னாருடைய இடம் என்று கை காட்டக்கூடிய மண் ஒன்றுதான் இருக்கிறது. அது வடசென்னையில் இருக்கும் மூலக்கொத்தளம் சுடுகாடு.

வெளியே இருப்பவர்களுக்கு அந்த இடம் தெரிவது மொழிப்போர் தியாகிகளால். ஒவ்வொரு வருடமும் ஜனவரி 25ஆம் தேதி கொடி, தோரணம், கார் வரிசை என்று பேசின் பிரிட்ஜ் ரோடு நிரம்பிவிடும். எல்லாக் கட்சியிலிருந்தும் வந்து, 1939இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு இறந்த தாளமுத்து, நடராசன் நினைவிடத்தில் மாலை போடுவார்கள். போட வேண்டிய மாலைதான், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் வருகிறவர்கள் நினைவிடத்தைப் பார்த்த கையோடு திரும்பிப் போய்விடுகிறார்கள். அதைச் சுற்றி ஏக்கர் கணக்கில் படுத்திருக்கும் ஜனங்கள் யார், எந்தத் தெரு, என்ன வேலை செய்தார்கள், யாருக்கு யார் உறவு என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இதில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்த இரண்டு பேரை யாரும் தனி இடம் பார்த்து அடக்கம் செய்யவில்லை, எங்கள் ஜனங்களுக்கு நடுவில்தான் வைத்தார்கள். அவர்கள் குழி சரித்திரம் என்றால் பக்கத்தில் இருக்கிற மூட்டை தூக்கியவரின் குழியும், மில் நெசவுக்காரரின் குழியும் சரித்திரம்தான்.

மின்ட் பக்கத்திலிருந்து பேசின் பிரிட்ஜ் போகிற வழியில் இருக்கிறது இந்த இடம். ஒரு பக்கம் ரயில் யார்டு, கொஞ்ச தூரத்தில் பக்கிங்காம் கால்வாய், சுற்றிலும் குடியிருப்புகள். உள்ளே போனால் வேப்ப மரங்களும் சீமைக் கருவேலப் புதரும். எரிப்பதும் நடக்கும், ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களில் பலர் காலம் காலமாகப் புதைக்கிறவர்கள், அதனால் நிலத்தில் பெரும்பகுதி குழிமேடுகள்தான். சரியாக வரிசை பிடித்து இருக்காது. ஒன்று கிழக்கே தலை வைத்திருக்கும், ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்றின் மேல் இன்னொன்றின் ஓரம் ஏறியிருக்கும். தெரியாதவர்கள் உள்ளே நடந்தால் எங்கே கால் வைப்பது என்று தடுமாறிப் போவார்கள்.

எந்தக் குழி எந்தக் காலத்தது என்பதைக் கட்டியிருக்கும் விதத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். பழையது என்றால் செங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள், தலைமாட்டில் அகல் விளக்கு வைக்கச் சின்ன மாடம் ஒன்று விட்டிருப்பார்கள். அந்தச் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்து, செங்கல் பல் மாதிரி தெரிய ஆரம்பித்திருக்கும். அதற்கு அடுத்த காலத்தது சிமென்ட். எங்கள் தாத்தாவுடையது அப்படித்தான். கல்லில் வெட்டக் காசு இல்லாததால், கொத்தனார் பூசி முடித்த ஈரத்திலேயே சித்தப்பா ஓர் ஆணியை எடுத்துப் பெயரைக் கீறியிருக்கிறார். 'தோற்றம்' என்று எழுதி அதற்கு நேரே எதுவும் இல்லை, ஏனென்றால் தாத்தா பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. 'மறைவு' என்று எழுதியதற்கு நேரே தேதி, மாதம், வருடம் எல்லாம் இருக்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'பி அண்ட் சி மில்' என்று கீறியிருப்பார். 'மில்' என்பதில் புள்ளி வைக்கும்போது ஆணி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது போல, இன்றைக்கும் அந்த ஓட்டையில் மழைத் தண்ணீர் தேங்கும். இப்போது கட்டுகிறவர்கள் பாத்ரூம் டைல்ஸ் ஒட்டி, போட்டோவையே டைல்ஸில் அச்சடித்துப் பதித்துவிடுகிறார்கள். சிலர் கட்சிக் கொடி நிறத்தில் வண்ணம் அடிக்கிறார்கள். ஒரு பையனின் குழிமேட்டில் கேரம் போர்டு படம் வரைந்திருக்கிறது. வடசென்னையில் கேரம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பையனைப் பற்றி வேறெதுவும் சொல்ல வேண்டாம்.

மில் பெயரைக் குழிமேட்டில் எழுதுவது எங்கள் தாத்தாவுக்கு மட்டும் செய்ததில்லை. நான் பார்த்த பழைய சிமென்ட் குழிமேடுகள் பலவற்றில் பெயருக்கு அடுத்து வேலைதான் இருக்கிறது. மில், ஹார்பர், ரயில்வே, கார்ப்பரேஷன். பக்கிங்காம் மில்லும் கர்நாடிக் மில்லும் 1870களிலும் 80களிலும் வந்தவை, பின்னால் இரண்டும் சேர்ந்து பி அண்ட் சி ஆயின. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் மாதம் பிறந்தது இந்த மில் ஆட்களை வைத்துத்தான். 1921இல் நடந்த பெரிய வேலைநிறுத்தமும், அதையொட்டிப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததும், பெரம்பூரில் போலீஸ் சுட்டதும் எங்கள் தாத்தா பிறந்த சமயத்துக் கதைகள், அவர் அம்மா சொல்லி அவர் கேட்டது. மில் 1996இல் மூடிவிட்டது. காலையில் ஊதும் மில் சங்கை வைத்து நேரம் பார்த்த தலைமுறை அநேகமாக எல்லாமே இப்போது மண்ணுக்குள் இருக்கிறது, அதில் ஒரு பகுதி இங்கே. மில் இருந்த இடத்தில் இன்றைக்குப் போய் நின்றால் அங்கே வேலை செய்த ஒருத்தர் பெயரையும் பார்க்க முடியாது. இங்கே வந்தால் பார்க்கலாம்.

இந்த இடத்தின் உண்மையான பதிவேடு குழி வெட்டுகிறவர்களின் தலைக்குள் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவர் அப்பாவும் இதே வேலை. அத்தையின் மாமனார் குழியைத் தேடிப் போனபோது அவரிடம் கேட்டேன்.

"எந்த வருஷம் தம்பி?"

"எம்ஜிஆர் செத்த வருஷம்ணா. அதுக்கு முன்னாடி ஆடி மாசம்."

"எந்தத் தெரு?"

சொன்னேன்.

"கரி வண்டி ஓட்டினவரா? கால் கொஞ்சம் இழுத்து நடப்பாரே."

"அவரேதான்."

"அந்த வேப்ப மரத்தாண்ட போ. அங்க இருந்து சுவர் பக்கமா மூணாவது. மேல ஒண்ணும் கட்டல அவங்க. பக்கத்துல பச்ச கலர்ல ஒண்ணு கீதே, அது அவரு கொழுந்தியா."

போய்ப் பார்த்தால் மேடே இல்லை, தரையோடு தரையாகப் புல் இருந்தது. பச்சைக் குழிமேட்டின் பெயரை வைத்துத்தான் உறுதி செய்துகொண்டோம். அத்தை அங்கேயே உட்கார்ந்து கற்பூரம் ஏற்றினார். ஆபீஸ் பதிவேட்டில் பெயர், வயது, தேதி, காரணம் இருக்கும். வேப்ப மரத்திலிருந்து மூன்றாவது என்பது இருக்காது, கால் இழுத்து நடந்தார் என்பதும் இருக்காது. அந்தப் பெரியவருக்கு வயதாகிவிட்டது, அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான், அந்த வேலையில் பட்ட அவமானம் எல்லாம் அவரோடு போகட்டும். ஆனால் அவர் தலைக்குள் இருப்பதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

சரி, 1939க்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்த இடத்தைப் பற்றிப் பேச முடியாது.

1938 ஏப்ரலில் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயம் ஆக்கியது. மறியல் நடந்த முக்கியமான இடம் சௌகார்பேட்டை மின்ட் தெருவில் இருக்கும் இந்து தியாலஜிக்கல் பள்ளி. அங்கிருந்து மூலக்கொத்தளத்துக்கு நடந்தே வந்துவிடலாம். தினமும் தொண்டர்கள் பள்ளி வாசலில் நிற்பார்கள், கைது செய்வார்கள், மறுநாள் வேறு ஆட்கள் வந்து நிற்பார்கள். அப்படி 1938 டிசம்பரில் கைதானவர் நடராசன். லட்சுமணன், அம்மாக்கண்ணு தம்பதியின் ஒரே பிள்ளை, ஆதிதிராவிடர் குடும்பம், சென்னைக்காரர். சிறையில் உடம்பு கெட்டு ஜெனரல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்று கேட்டதற்கு மறுத்துவிட்டார். 1939 ஜனவரி 15ஆம் தேதி இறந்தார். பெரிய ஊர்வலமாகத் தூக்கி வந்து மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தார்கள். அண்ணா வந்து பேசினார்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் மாதம் தாளமுத்து. கும்பகோணத்துக்காரர், நாடார் குடும்பம், மனைவி பெயர் குருவம்மாள். அதே பள்ளி வாசலில் பிப்ரவரியில் கைதானவர், அதே மாதிரி சிறையில் உடம்பு கெட்டு இறந்தார். அவரையும் இங்கேதான் கொண்டுவந்தார்கள், நடராசன் பக்கத்தில். சொந்த ஊர் அவ்வளவு தூரத்தில் இருந்தும் அவர் படுத்திருப்பது எங்கள் ஊர் மண்ணில். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி உத்தரவு வாபஸ் ஆனது.

எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, அப்போது பதினோரு, பன்னிரண்டு வயது இருந்திருக்கும். ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவர். இந்தி என்றால் என்ன, எதற்காகச் சண்டை என்பதெல்லாம் அவருக்கு அன்றைக்குத் தெரியாது. அவர் சொல்வது ஒன்றுதான். "நம்ம சைடு புள்ளதான், ஒத்த புள்ள, அந்தம்மா பின்னாடியே நடந்து போச்சு." ஊர்வலத்தில் வந்த தலைவர்கள் யார் பெயரும் ஆயாவுக்கு நினைவில் இல்லை, அந்தத் தாய் நடந்து போனது மட்டும் நினைவில் இருந்தது. ஆயா பார்த்தது அம்மாக்கண்ணுவைத்தானா, கூட்டத்தில் அழுதுகொண்டு போன வேறொரு பெண்ணையா என்பது இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது, ஆனால் ஆயா கடைசி வரைக்கும் தை மாதம் வந்தால் அதைச் சொல்வார். பொங்கல் முடிந்து குழிமேட்டுக்குப் பூ போடப் போகும்போது கையில் இருக்கும் பூவில் கொஞ்சம் கிள்ளி அந்தப் பக்கமும் போட்டுவிட்டுத்தான் வருவார். சொந்தக்காரருக்குப் போடுவது போலத்தான் போடுவார், கும்பிடு எல்லாம் கிடையாது.

தருமாம்பாள் அம்மையாரின் நினைவிடமும் இங்கேதான் இருக்கிறது. இதை வண்ணாரப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூடப் பலர் கவனித்ததில்லை. தஞ்சாவூர் கருந்தட்டாங்குடியில் 1890இல் பிறந்தவர், சித்த மருத்துவர். 1938 நவம்பர் 13ஆம் தேதி ஒற்றைவாடை தியேட்டரில் நடந்த பெண்கள் மாநாட்டில், ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டம் கொடுத்த அந்த மாநாட்டில், முன்னால் நின்றவர்களில் ஒருவர். மறுநாளே மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோடும் மற்றப் பெண்களோடும் மறியலுக்குப் போய்ச் சிறைக்குப் போனார். பிற்பாடு தமிழாசிரியர்களுக்கு மற்ற ஆசிரியர்களுக்குச் சமமாகச் சம்பளம் கேட்டு 'இழவு வாரம்' என்று ஒரு போராட்டம் அறிவித்து, அதைச் சாதித்தும் காட்டினார். 1959இல் இறந்தார். இழவு வாரம் அறிவித்த அம்மா இந்த மண்ணில் இருப்பது எனக்கு எப்போதும் பொருத்தமாகப் படும். இவரைப் பற்றி ஒரு பலகை பெரிதாக வாசலிலேயே வைக்க வேண்டும். பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்ட வேண்டிய இடம் அது.

தாளமுத்து, நடராசன் பெயர் எழும்பூரில் சி.எம்.டி.ஏ. கட்டடத்துக்கு வைத்திருக்கிறார்கள், தாளமுத்து நடராசன் மாளிகை. நகரத்தில் எங்கே கட்டடம் வரலாம், எந்த நிலம் எதற்கு என்று தீர்மானிக்கிற அலுவலகம். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவர்கள் படுத்திருக்கும் நிலத்தை நினைத்துக்கொள்வேன்.

ஏனென்றால் 2017 வாக்கில் மூலக்கொத்தளம் சுடுகாட்டு நிலத்தில் ஒரு பகுதியை எடுத்து அடுக்குமாடி வீடுகள் கட்டும் திட்டம் வந்தது, குடிசை மாற்று வாரியத் திட்டம். அப்போது பகுதி மக்களும் கட்சிகளும் எதிர்த்துப் போராடினார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு விதமான பேச்சு இருந்தது. "உயிரோட இருக்கிறவனுக்கு வூடு வேணாமா, செத்தவனுக்கு எதுக்குடா இடம்" என்று ஒரு பக்கம். "நாளைக்கு நாம செத்தா எங்க போறது, எங்க அப்பன் மேலயா மாடி கட்டுவீங்க" என்று இன்னொரு பக்கம். கூவம் கரை, கால்வாய்க் கரை என்று எங்கே பார்த்தாலும் வடசென்னை ஜனங்களைக் கிளப்பிக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், ஊருக்குள்ளேயே வீடு என்பது லேசான விஷயம் இல்லை. வீடு கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வீடுகள் வந்தன, அதில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், நன்றாக இருக்கட்டும். என் கேள்வி வேறு. ஏழை ஜனங்களுக்கு வீடு கட்ட வேண்டும் என்றால் ஏழை ஜனங்களைப் புதைத்த இடம்தான் ஏன் முதலில் கண்ணில் படுகிறது? இவ்வளவு பெரிய ஊரில், துறைமுகம், ரயில்வே, மூடிய மில்கள் என்று நிலம் குவிந்து கிடக்கும் வடசென்னையில், எங்கள் ஆட்கள் பெயர் எழுதியிருந்த இடம் எப்படிக் காலி இடம் ஆனது?

அதற்குப் பதில் எனக்குத் தெரிந்தவரையில் இதுதான். பட்டியல் போட்டு எழுதி வைத்திருந்தால் அது காலி இடம் ஆகியிருக்காது.

வடசென்னையிலேயே மற்ற கல்லறைகளைப் பாருங்கள். பழைய சட்டக் கல்லூரி இருந்த இடம்தான் ஆங்கிலேயர்களின் முதல் கல்லறைத் தோட்டம். 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகை இட்டபோது அந்தக் கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டார்கள் என்பதால், முற்றுகை முடிந்ததும் கல்லறைகளை இடித்துவிட்டு, பெயர் வெட்டிய கற்களை எடுத்துப் போய்க் கோட்டைக்குள் புனித மேரி ஆலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். இன்றைக்கும் அந்தக் கற்களின் மேல்தான் நடந்து உள்ளே போக வேண்டும். இடத்தைக் காலி செய்தார்கள், பெயரை விடவில்லை. விட்டுவைத்த ஒன்றிரண்டில், கவர்னராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட், சின்னக் குழந்தை, அதன் கல்லறை அந்தப் பழைய கல்லூரி வளாகத்துக்குள் இருந்தது, தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. ஆர்மேனியன் தெருவுக்குப் போனால் 1772இல் கட்டிய ஆர்மேனியர் ஆலயம். சென்னையில் ஆர்மேனியர்கள் என்று சொல்ல இன்று அநேகமாக ஆள் கிடையாது, ஆனால் தரை முழுக்க அவர்களின் கல்லறைக் கற்கள் பத்திரமாக இருக்கின்றன. உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகையை 1794இல் இதே சென்னையில் அச்சடித்த பாதிரியார் ஷ்மாவோனியன் அங்கேதான் இருக்கிறார்.

ராயபுரத்தில் பார்சிகள். 1910இல் கட்டிய அக்கினிக் கோயில் அவர்களுக்கு இங்கே இருக்கிறது. பம்பாயில் மாதிரி உடலைக் கழுகுக்கு வைக்கும் கோபுரம் சென்னையில் இல்லை என்பதால் இங்கே அடக்கம்தான் செய்கிறார்கள், அதற்கென்று ராயபுரத்திலேயே சொந்த இடம். கூட்டம் சில நூறு பேருக்குள்தான், ஆனால் யார் எங்கே என்று அவர்களுக்குத் தெரியும்.

காசிமேடு கல்லறைக்கு நவம்பர் 2ஆம் தேதி போய்ப் பாருங்கள். கல்லறைத் திருநாள். முந்தின நாளே குடும்பம் குடும்பமாக வந்து புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, அழிந்த எழுத்தின் மேல் கறுப்புப் பெயின்டில் தூரிகை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஆங்கிலோ இந்தியர், மீனவர், ஹார்பர் ஆட்கள் என்று எல்லாரும் இருப்பார்கள், பூக்காரம்மாவுக்கும் மெழுகுவத்திக் கடைக்கும் அன்றைக்குக் கை ஓயாது. அங்கேயும் இட நெருக்கடி பெரிய பிரச்சினைதான். கல்லறை வாரியம் புதுக் குழிக்கு இடம் இல்லை என்று சொல்லிப் பல வருடங்கள் ஆகிவிட்டன, குடும்பக் குழியைத் திறந்து அதிலேயே அடுத்தவரையும் வைக்கிறார்கள். முன்பெல்லாம் 14 வருடம் கழித்துத்தான் திறக்கலாம் என்று விதி, இப்போது அந்தக் காலத்தைக் குறைத்துவிட்டார்கள். அதனால் ஒரே கல்லில் தாத்தா, பாட்டி, பெரியப்பா, அப்பா என்று வரிசையாகப் பெயர் ஏறுகிறது, குடும்ப அட்டை மாதிரி. அதைப் படித்தாலே அந்தக் குடும்பத்தின் நூறு வருடம் தெரிந்துவிடும்.

1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்கிற ஆங்கிலேய அதிகாரி, சென்னை மாகாணத்தில் ஐரோப்பியர், ஆர்மேனியர் கல்லறைகளில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொகுத்து, இறந்தவர் யார் என்ற குறிப்போடு புத்தகமாக அச்சிட்டார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் லண்டனிலிருந்து யாராவது தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடி வந்தால் அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். எவ்வளவு நல்ல வேலை. அதே மாதிரி ஒரு பட்டியல் மூலக்கொத்தளத்துக்கு ஏன் இருக்கக் கூடாது? கல்லில் வெட்டியிருந்தால்தான் எழுத வேண்டுமா, ஆணியில் கீறினால் எழுதக் கூடாதா?

இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் ஜனங்கள் எழுதி வைக்கவில்லையே தவிர, வேறு வழியில் வைத்தார்கள். மரண கானா. இதை வெறும் குத்துப்பாட்டு என்று நினைக்கிறவர்கள் ஒரு சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டதில்லை. தெருவில் பந்தல், நடுவில் ஐஸ் பெட்டி, ஒரு பக்கம் சாவு மேளம் ஓய்ந்ததும் கானா பாடுகிறவர் ஆரம்பிப்பார். முதலில் யாருக்கும் பொதுவான பாட்டு வரும். அப்புறம் வீட்டுக்காரர்களிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர்களை வாங்கிக்கொள்வார். செத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், அம்மா பெயர், கட்டின இடம், பிறந்த தெரு, முன்னாடியே போய்விட்ட அண்ணன் தம்பி பெயர், பிள்ளைகள், மருமகள்கள், பேரப் பிள்ளைகள். அதை எல்லாம் மெட்டுக்குள் போட்டுப் பாடுவார், ஒரு பெயர் வரும்போது ஒரு மூலையில் அழுகை எழும், இன்னொரு பெயருக்கு இன்னொரு மூலை. தாத்தா பதினாறாம் நாள் காரியத்தில் பாடினவர், ஆயாவின் தங்கை ஒருத்தி சின்ன வயதிலேயே அம்மை போட்டுச் செத்ததைக்கூடக் கேட்டு வாங்கிப் பாடினாராம். அந்தப் பெண்ணுக்குக் குழிமேடு கிடையாது, போட்டோ கிடையாது, ரேஷன் கார்டில் பெயர் கிடையாது. அவள் பெயர் எங்கள் வீட்டில் இன்றைக்கும் தெரிகிறது என்றால் அந்தப் பாட்டால்தான்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு அத்தையும் நானும் இதை உட்கார்ந்து எழுத ஆரம்பித்தோம். பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று. அத்தை சொல்வார், நான் எழுதுவேன். பெயர், யாருக்கு என்ன முறை, எந்தத் தெரு, என்ன வேலை, எதனால் போனார், யார் பக்கத்தில் இருக்கிறார். அப்புறம் சுடுகாட்டுக்குப் போய் இருப்பதை போன் கேமராவில் எடுத்து, மரத்தையும் சுவரையும் அடையாளமாக வைத்து ஒரு வரைபடம் போடுகிறோம். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் கீறல் எழுத்து நன்றாகத் தெரிகிறது, மதியத்தில் எடுத்தால் ஒன்றும் தெரிவதில்லை. எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸ், சுண்ணாம்பு எதையும் தேய்க்காதீர்கள், தண்ணீரை லேசாகத் தெளித்தாலே போதும், பள்ளத்தில் ஈரம் நின்று எழுத்து தெரிந்துவிடும்.

ஆரம்பித்தது எங்கள் குடும்பத்துக்காக. ஆனால் எங்கள் ஆளுக்குப் பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்டால் அது மாமா வீட்டுக்குச் சம்பந்தி, அதற்கு அடுத்தது தாத்தாவோடு ஒரே ஷிப்ட்டில் இருந்தவர், அதற்கு அந்தப் பக்கம் ஆயாவுக்குப் பிரசவம் பார்த்த அம்மா என்று போய்க்கொண்டே இருக்கிறது. தெருவில் எப்படிப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்களோ அதே கணக்கில்தான் அங்கேயும் இருக்கிறார்கள். இப்போது இரண்டு தெருக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெயர்களையும் சொல்கிறார்கள், டீக்கடையில் உட்கார்ந்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஒரு அண்ணன் தன் அப்பாவின் மில் அடையாள வில்லையைக் கொண்டுவந்து காட்டினார், பித்தளை, நடுவில் ஓட்டை, நம்பர் மட்டும் பதித்திருந்தது. அந்த நம்பரையும் அவர் அப்பா பெயருக்கு நேரே எழுதிக்கொண்டோம்.

உங்கள் வீட்டு ஆட்கள் யாராவது மூலக்கொத்தளத்தில் இருந்தால் தயவுசெய்து இந்த வேலையை இந்த வருடமே செய்யுங்கள். வீட்டில் இருக்கிற மூத்த பெண்ணிடம் முதலில் கேளுங்கள், ஆண்களுக்குத் தேதி தெரியும், உறவுமுறை பெண்களுக்குத்தான் தெரியும். மாநகராட்சியில் வாங்கிய பழைய இறப்புச் சான்றிதழ், பதினாறாம் நாள் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நோட்டு நிறைந்ததும் ஒரு நகல் எடுத்து வட்டார நூலகத்தில் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், மாநகராட்சிக்கும் ஒன்று அனுப்புவோம்.

எங்கள் பட்டியலில் சில பேருக்கு இன்னும் இடம் தெரியவில்லை. அதில் ஒருவர் ஹார்பரில் கலாசி, கொள்ளுத்தாத்தாவோடு ஒரே குடிசையில் இருந்தவர், சொந்தக்காரரே இல்லை, ஆனால் எங்கள் தாத்தாவுக்கு அவரும் ஒரு பெரியப்பா. அவருடைய பேரன் பெரும்பாக்கம் குடியிருப்பில் இருப்பதாக அந்தக் குழி வெட்டுகிற பெரியவர்தான் சொன்னார், பிளாக் நம்பர் மட்டும் தெரியாதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தையும் நானும் அங்கே போய் விசாரிக்கப் போகிறோம்.